அப்பாவுக்கு வந்த கிணற்றுச் செய்திகள்

ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டி ஒரு கழிவுநீர்க் கிணறு இருக்கிறது. சுற்றியுள்ள தோல் பதனிடும் ஷாப்களிலிருந்து வரும் தண்ணீர் குழாய் வழியாக அதில் வந்து விழும். அங்கே பம்பு போட்டு அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளுவார்கள். பம்பு நின்றுபோனால் கிணறு நிரம்பும். நிரம்பி வழிந்தால் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் போகும். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் பதில் சொல்ல முடியாது.

அந்தக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் போய் எட்டிப் பார்க்காமலே தெரிந்துகொள்ள ஒரு கருவி பொருத்துவதுதான் என் வேலை. வேலூரில் ஒரு மாடி அறையில் இயங்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. கிணற்றின் வாய்க்கு மேலே ஒரு சென்சார், அதன் பக்கத்தில் சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி, குழாய்க் கம்பத்தின் உச்சியில் ஒரு ஆண்டெனா. சில நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டி தண்ணீர் மட்டத்தைச் செல்போன் டவர் வழியாக கிளவுடுக்கு அனுப்பும். அங்கிருந்து நிலையத்து ஆபீஸ் திரைக்கு வரும். மட்டம் அளவு தாண்டினால் சிலருடைய போனுக்கு எச்சரிக்கைச் செய்தி போகும்.

எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. முதலில் வைத்த சென்சார் ஒலி அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்டு மட்டம் சொல்லும் வகை. கிணற்றில் நுரை கட்டிவிடும். ஒலி நுரையில் அமுங்கிப்போய், பாதி நிறைந்த கிணற்றை அது காலி என்றது. அதைக் கழற்றிவிட்டு ரேடார் வகையை வைத்தோம். அடுத்து, கிணற்றிலிருந்து எழும் வாயு பெட்டிக்குள் புகுந்து செம்புக் கம்பிகளைக் கறுத்துப்போக வைத்தது. கம்பி நுழையும் துளைகளையெல்லாம் அடைத்துப் பெட்டியைக் காற்றோட்டமான பக்கச் சுவருக்கு மாற்றினேன். பிறகு சிக்னல். ஒரு கம்பெனி சிம் காலையில் எடுக்கும், சாயங்காலம் எடுக்காது. கடைசியில் எந்த டவர் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும் சிம் ஒன்றை வரவழைத்தோம்.

இத்தனை வேலைக்கும் என் கூடவே நின்றவர் அந்தப் பம்பு ஹவுஸின் ஆபரேட்டர். ஆம்பூர்க்காரர். எல்லாரும் பாய் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆரம்பத்தில் அவருக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கவில்லை.

"நான் எப்போ மோட்டார் போடறேன், எப்போ டீ குடிக்கப் போறேன்னு பாக்கறதுக்கா இது?" என்று கேட்டார்.

"தண்ணிய மட்டும்தான் பாக்கும் பாய். உங்கள இல்ல."

"தண்ணி ஏறிச்சுன்னா நான் எங்கன்னுதானே கேப்பாங்க?"

அவர் சொன்னது சரிதான்.

இன்னொரு நாள் நான் லேப்டாப்பில் பெட்டியின் செட்டிங்கை மாற்றிக்கொண்டிருந்தபோது குனிந்து பார்த்தார். "இந்த கணக்கெல்லாம் எங்கேம்மா போவுது?"

"மும்பைல ஒரு கட்டடம் இருக்குது பாய். அங்க கம்ப்யூட்டர்ல போய் நிக்கும். அங்கேருந்து உங்க ஆபீஸுக்கு வரும்."

"ஆபீஸு இதோ, சைக்கிள்ல போய்டலாம். ஆம்பூர் தண்ணி சேதி பாம்பே போய்ட்டு வருதா?" சிரித்தபடியே போய் எனக்கு டீ வாங்கிவந்தார்.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு எச்சரிக்கைச் செய்திகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. என் போனுக்கு வந்தது. வேறு நெட்வொர்க் போனுக்கும் போகிறதா என்று பார்க்க ஒரு எண் வேண்டும். கிணற்றடியில் நின்றபடியே ஜோலார்பேட்டையில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்தவர். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, முன்னால் போகும் வண்டி முழுவதற்கும் பொறுப்பாளியாக வாழ்நாளைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. காலையில் சட்டையை இன் பண்ணி ஜங்ஷன் வரை நடந்து போய், டீ குடித்துவிட்டு, எந்த வண்டி லேட் என்று கேட்டுக்கொண்டு வருவார். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். "ஆம்பள ஒருத்தர் எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருந்தா மிஷினே ஓடமாட்டேங்குது" என்று என்னிடம் முறையிடுவாள்.

"அப்பா, உங்க நம்பருக்கு ஒரு மெசேஜ் வரும். வந்ததும் சொல்லுங்க."

சிறிது நேரத்தில் அவரே அழைத்தார். "வந்துட்டுது. 'கிணறு மட்டம் அதிகம்'. இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்பா. டெஸ்ட்."

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அவர் எண்ணை எடுத்துவிடுவதாகச் சொன்னேன். "இருக்கட்டுமே பாப்பா. அது பாட்டுக்கு வரட்டும்" என்றார். சும்மா சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் போனைக் கையில் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து எனக்கு மனசு வரவில்லை. நிலையத்து இன்ஜினியரிடம் கேட்டேன். "ஒரு ஆள் கூடுதலா பாத்தா நல்லதுதானே" என்று சிரித்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். அப்பா பாயின் எண்ணைக் கேட்டார். எதற்கு என்றேன். "மெசேஜ் வந்தா யார்கிட்ட சொல்றது? வாங்கி வச்சிக்கினு சும்மா இருக்க சொல்றியா?" என்றார். கொடுத்தேன்.

முதல் அழைப்பில் நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"ஹலோ, ஜோலார்பேட்டைல இருந்து பேசறேன். உங்க கிணறு ஏறுதுங்க."

"ஜோலார்பேட்டைல இருந்துக்கினு என் கிணறு ஏறறது எப்படி தெரியுது உங்களுக்கு?"

"மெசேஜ் வந்துது."

"ஆபீஸரா நீங்க?"

"இல்லைங்க. நான் கார்டு. ரிட்டயர்ட் ஆயிட்டேன்."

பாய் அதை வாட்ச்மேன் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் நான் அங்கே போனதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். "இன்னாம்மா இது பேஜாரு? ஜோலார்பேட்டைல எவனோ ஒரு வாட்ச்மேன் எனக்கு போன் போட்டு மோட்டார் ஆன் பண்ணுன்றான். ஆபீஸு போதாதுன்னு இது வேறயா?"

"பாய், அது எங்கப்பா" என்றேன்.

பம்பு சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். "முன்னாடியே சொல்ல வேணாமா? நான் கொஞ்சம் கடுப்பா பேசிட்டேன்மா." நான் அங்கே இருக்கும்போதே அப்பாவுக்குப் போன் போட்டார். "சார், நேத்து பேசினது மனசுல வச்சிக்காதீங்க. கிணறு இப்போ கம்மியாய்டுச்சி." அதற்கு அப்பா என்ன சொன்னாரோ, பாய் சிரித்துவிட்டு, "ஓ, கூட்ஸ் வண்டி கார்டா?" என்றார். அதிலிருந்து அவர் கார்டு சார்.

மழை பெய்த ஒரு மாலை அந்தப் பக்கத்து டவர் வேலை செய்யாமல் போனது. பெட்டி தன் அளவுகளையெல்லாம் உள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டது. காலையில் டவர் உயிர் பெற்றதும் மொத்தத்தையும் ஒரே மூச்சில் அனுப்பியது. மழை நேரத்தில் கிணறு ஏறியிருந்த பழைய அளவுகளும் அதில் இருந்தன. கிளவுடில் நான் எழுதி வைத்திருந்த விதி, அளவு எப்போது எடுக்கப்பட்டது என்று பார்க்கவில்லை. வந்து சேர்ந்ததை எல்லாம் இப்போது நடப்பதாகவே எண்ணிக்கொண்டது. அப்பாவின் போனில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வாசலுக்கு ஓடிவந்து பாயைக் கூப்பிட்டார்.

"பாய், கிணறு வழியுது."

"சார், நான் கிணத்துக்கிட்டதான் நிக்கிறேன். பாதிக்கும் கீழதான் இருக்குது."

"மெசேஜ் வந்துக்கினே இருக்குதே."

"சார், நீங்க மெசேஜ நம்பறீங்களா, என்ன நம்பறீங்களா?"

நான் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வாயிலிருந்த நுரையைத் துப்பினார். "உங்களத்தான் பாய்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்தே காலை டிபனைச் சாப்பிடாமல் உட்கார்ந்து விதியை மாற்றினேன். இனி தாமதமாக வரும் அளவுகள் திரையில் கோடாகத் தெரியும் வரைபடத்தில் மட்டும் போய்ச் சேரும், எச்சரிக்கை எழுப்பாது.

அதற்குப் பிறகு அவர்கள் பேசுவதற்கு எச்சரிக்கை தேவைப்படவில்லை. "லெவல் எப்படி பாய்?" என்று ஆரம்பிப்பார் அப்பா. நார்மல் என்று பதில் வரும். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். பாயின் சர்க்கரை, அப்பாவின் முழங்கால், ஆம்பூரில் எந்த ரயில் நிற்கிறது எது நிற்பதில்லை, பாயின் பெண்ணுக்கு வந்த வரன்கள். பாய் பம்பு ஹவுஸைப் பற்றிச் சொல்வார். மோட்டார் எப்படி இறுகிக்கொள்ளும், அப்போது சத்தம் எப்படி மாறும், இரண்டாவது மோட்டாரின் பேனல் எங்கே இருக்கிறது, எந்த வால்வு துருப்பிடித்திருக்கிறது. அப்பா கேள்விகள் கேட்டுக்கொண்டே இருப்பார். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, "யார்கிட்டங்க இவ்ளோ நேரம்?" என்பாள். "டூட்டி" என்று கையைக் காட்டுவார்.

அந்த வருடம் முழுக்க அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆம்பூர் ஒன்றும் தூரமில்லை. அப்பாவிடம் கேட்டால், "டூட்டில இருக்கற ஆள போய் தொந்தரவு பண்ணக்கூடாது" என்பார்.

பாயின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையை என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். உறையின் மேல் 'கார்டு சார், ஜோலார்பேட்டை' என்று எழுதியிருந்தது. "பேர கேக்கவே இல்லம்மா இத்தன நாளா. இப்போ கேட்டா நல்லா இருக்காதுன்னு அப்படியே எழுதிட்டேன்" என்றார். அப்பா அந்த உறையை டிவி மேலே எல்லாருக்கும் தெரியும்படி சாய்த்து வைத்தார்.

கல்யாணத்தன்று மூன்று பேரும் ரயிலில் போனோம். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். மண்டபத்து வாசலில் பாய் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். போனில் அவருடைய கனத்த குரலைக் கேட்டுப் பழகிய அப்பா ஆஜானுபாகுவான ஒரு மனிதரை எதிர்பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற பெருத்த உடம்புக்காரரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்துத் திருப்பினேன். ஒல்லியான, அப்பாவின் தோளுக்கு வரும் பாய், "கார்டு சார்தானே?" என்று கேட்டுவிட்டு அப்படியே கட்டிக்கொண்டார். அப்பா கட்டிப்பிடித்துப் பழக்கமில்லாதவர். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு பாயின் முதுகில் மெதுவாகத் தட்டினார்.

அம்மாவையும் என்னையும் பெண்கள் பக்கம் கூட்டிப்போய் மணப்பெண்ணுக்கு அருகிலேயே உட்கார வைத்தார்கள். மருதாணி வாசனையும் அத்தர் வாசனையும் உள்ளே நிறைந்திருந்தன. நிக்காஹ் தொடங்கப் போகிறது என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போது என் போன் அடித்தது. அப்பா.

"பாப்பா, வெளிய வா. கிணறு ஏறுது."

என் பையிலிருந்த போனிலும் அந்தச் செய்தி வந்துதான் இருந்தது. சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அப்பா அந்தச் செய்திக்கு மட்டும் மணி மாதிரி ஒரு ஒலியை வைத்திருந்தார். மேடைக்கு எதிரே அது அடித்ததும் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்களாம்.

வெளியே வந்தேன். பாய் மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவிலிருந்து எழுந்து வந்திருந்தார். அவருக்குப் பதிலாக அன்று டூட்டி பார்த்த ஆள் பல தடவை கூப்பிட்டிருக்கிறார். பாயின் போன் மச்சானிடம் இருந்திருக்கிறது. திருப்பிக் கூப்பிட்டதில் விஷயம் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் இறுகி நின்றுவிட்டது. இரண்டாவது மோட்டாரைப் போடலாம் என்றால் அதன் பேனல் பூட்டியிருக்கிறது. கல்யாண அவசரத்தில் சாவியைக் கொடுக்க மறந்து பாய் தன் சாவிக்கொத்தோடு எடுத்து வந்துவிட்டார்.

பாய் ஷெர்வானியின் பாக்கெட்டுகளைத் தடவினார். கொத்து இருந்தது. "நான் ஓடிப்போய் போட்டுட்டு வந்துடறேன்" என்று செருப்பைத் தேடினார்.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுக்கு அப்பா நீங்க. எங்க போறீங்க? சாவிய குடுங்க."

"சார், நீங்க விருந்தாளி."

"பாய், குடுங்க. பாப்பா இருக்குது, நான் இருக்கறேன். நீங்க உள்ள போங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பெட்டிக்குக் கரண்ட் எடுக்க அந்தப் பேனலிலிருந்து ஒயர் இழுத்தவள் நான், எனக்கு அங்கே அனுமதியும் உண்டு. பாய் கொத்திலிருந்து சாவியைக் கழற்றி அப்பா கையில் வைத்தார். உள்ளேயிருந்து அவரைக் கூப்பிடும் குரல் கேட்டது.

ஆட்டோ பிடித்துப் போனோம். போகும் வழியெல்லாம் நான் போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோடு ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் வழிய இன்னும் நேரம் இருந்தது. அப்பா சாவியை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தார்.

பம்பு ஹவுஸ் வாசலில் அந்த மாற்று ஆள் வியர்த்துப்போய் நின்றார். அப்பா இறங்கினார். அந்த இடத்துக்கு அவர் வந்ததே இல்லை. நான் வழி காட்டுவதற்காக முன்னால் நடந்தேன். அவரோ என்னைத் தாண்டி உள்ளே போய், வலது பக்கம் திரும்பி, முதல் பேனலை விட்டுவிட்டு இரண்டாவதின் முன்னால் நின்றார். "இதான" என்றார். கதவைத் திறந்துவிட்டு எனக்காக ஒதுங்கி நின்றார். முதல் மோட்டாரின் இணைப்பை முழுதாகத் துண்டித்தேன். மாற்று ஆள் வால்வைத் திறக்கப் போனார், அது அசையவில்லை.

"கொஞ்சம் பின்னாடி திருப்பி, அப்புறம் திறப்பா. அது துருப்பிடிச்சது" என்றார் அப்பா.

வால்வு திறந்தது. ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் முனகி, இருமி, ஓட ஆரம்பித்தது. அப்பா தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். சரக்கு வண்டி கிளம்பும்போது அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றியது. சின்ன வயதில் அவர் வேலை செய்வதை நான் பார்த்ததே கிடையாது. பையோடு போவதையும், பையோடு திரும்பி வருவதையும்தான் பார்த்திருக்கிறேன். அந்த நாற்றத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே, புதுச் சட்டையில் ஆயில் கறையோடு நிற்கும் அவரை முதல் தடவையாகப் பார்ப்பது போல இருந்தது.

என் போனில் கோடு ஏறுவது நின்றது. பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "நல்லா இறங்கட்டும். அதுவரைக்கும் இருப்போம்" என்றார்.

மாற்று ஆளைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு நாங்கள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தபோது நாற்றம் விலகிப்போனது. அப்பா ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். சென்சார் எது, பெட்டி எது, ஆண்டெனா எது. எல்லாவற்றையும் காட்டினேன். "இவ்ளோ சின்னதா?" என்றார். ஆண்டெனாவைத்தான் அதிக நேரம் அண்ணாந்து பார்த்தார்.

ஒரு ஸ்கூட்டர் வந்தது. மச்சான் ஓட்ட, பின்னால் பாய், அதே கல்யாண உடையில், மடியில் பெரிய டிபன் கேரியரோடு. அவரைப் பார்த்ததும் அப்பா எழுந்து நின்றார்.

"நிக்காஹ்?"

"முடிஞ்சிடுச்சி சார். நல்லபடியா." பாய் உள்ளே ஓடி மோட்டாரைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பெண்ணைக் கொடுத்த அன்று எந்த அப்பாவுக்கும் கலங்கும்தான். "சார், எல்லாரும் கேக்கறாங்க, பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவர எங்க அனுப்பிட்டேன்னு. நான் இன்னா சொல்லுவேன்?"

"டூட்டிக்கு அனுப்பிட்டேன்னு சொல்லுங்க."

மரத்தடியிலேயே பிரியாணி சாப்பிட்டோம். கத்திரிக்காய்ப் பச்சடியும் தயிர் வெங்காயமும் தனித்தனிக் கிண்ணத்தில் இருந்தன. பாய் தான் சாப்பிடாமல் எங்களுக்கே பரிமாறிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு தட்டை எடுத்து அவர் கையில் திணித்தார். "உக்காருங்க பாய். லெவல் நார்மல்தான்."

அம்மாவை மண்டபத்திலேயே மறந்துவிட்டோம். மாலையில் போனபோது அவள் மணப்பெண்ணின் சித்திகளோடு உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கழுத்து அளவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நிலையத்தில் இரண்டாவது மோட்டார் தானே ஓடும்படி ஏற்பாடு செய்தார்கள். அதற்கான வேலையும் எங்களுக்கே வந்தது. மட்டம் ஏறினால் ஆள் இல்லாமலே அது கிளம்பிவிடும். பாயை நிலையத்துக் கண்காணிப்பு அறைக்கு மாற்றினார்கள். இப்போது எல்லாக் கிணறுகளையும் ஒரே திரையில் பார்த்துக்கொண்டிருப்பது அவருடைய வேலை. தன்னை வேவு பார்க்க வந்த பெட்டி என்று ஒரு காலத்தில் நினைத்ததைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களிடம் அவரே சொல்லிச் சிரிப்பார். எங்கள் கிணற்றிலிருந்து அப்பாவுக்குச் செய்தி வருவது அபூர்வமாகிவிட்டது. மோட்டார் தானே பார்த்துக்கொள்கிறது. அப்பாவுக்கு அதில் வருத்தம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இருந்திருந்தாலும், தினமும் போன் போடும் பாய் அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாயும் அவர் மனைவியும் ஜோலார்பேட்டைக்கு வந்திருந்தார்கள். பாயின் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தைக்குச் சட்டை தைக்க மெல்லிய துணி கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார்கள். அம்மாவும் பாயின் மனைவியும் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் பாயும் மாடிக்குப் போய், தூரத்தில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நீளமான சரக்கு வண்டி போனது. கடைசிப் பெட்டியைக் காட்டி அப்பா எதையோ விளக்கினார். பாய் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். டீ ஆறுகிறது என்று அம்மா கீழேயிருந்து கூப்பிட்டாள். இருவருக்கும் கேட்கவில்லை. நானே தம்ளர்களை எடுத்துக்கொண்டு படியேறினேன்.